வெள்ளை மங்கினால் உடனே ப்ளீச்சைத் தேடாதீர்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்பதால் எனக்கு வாரம் முழுக்க வெள்ளைதான். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு. கோட்டு வீட்டுக்கு வராது. நோயாளிகளின் ரத்தம் தெறிக்கக்கூடிய துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது என்பதால் அது அங்கேயே கழற்றி அங்கேயே சலவைக்குப் போய்விடும். சட்டையும் பேன்ட்டும் என் பொறுப்பு. கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் சில மாதங்களில் என்னிடம் வந்து ஒரே குறையைத்தான் சொல்வார்கள்.

"அக்கா, ப்ளீச்சில்தான் ஊறப் போட்டேன். முன்பைவிட மஞ்சளாயிடுச்சு."

ஆகத்தான் செய்யும். வெள்ளை மங்கியது என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அது இரண்டு விதமாக மங்கும். ஒன்று மஞ்சள் பாயும், இன்னொன்று சாம்பல் பூக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. எது என்று பார்க்காமல் பாட்டிலைக் கவிழ்ப்பதில்தான் பாதி வெள்ளைச் சட்டைகள் வீணாகின்றன.

பார்ப்பது சுலபம். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் நின்று, சட்டையின் கீழ் மடிப்பைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். மடித்துத் தைத்த இடத்துக்குள் வியர்வையும் போகாது, வெயிலும் படாது. வாங்கிய நாளின் நிறம் அங்கே ஓரளவு அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் காலரை வைத்துப் பார்த்தால் மஞ்சளா சாம்பலா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் என்றால் பெரும்பாலும் உடம்பிலிருந்து வந்தது. எண்ணெய்ப் பசை, வியர்வை, அதோடு அக்குளில் பூசிக்கொள்வது. சாம்பல் என்றால் பெரும்பாலும் துவைக்கும் தண்ணீரிலிருந்து வந்தது.

முதலில் மஞ்சள். காலரிலும் கை முனையிலும் வரும் மஞ்சள், தோலின் எண்ணெய்ப் பசை துணியிலேயே தங்கிக் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருவது. புதிதாக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. அழுக்கு தெரியவில்லையே என்று இரண்டாவது நாளும் போட்டு, பிறகு கூடையில் நான்கு நாள் கிடத்தினால் அது முற்றிவிடும். எண்ணெய்க்கு மருந்து ப்ளீச் அல்ல, எண்ணெயைக் கரைப்பது. பாத்திரம் கழுவும் திரவத்தைக் காலரில் விரலால் தடவி, கால் மணி நேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, அப்புறம் வழக்கம்போல் துவைத்தால் போதும். அன்றன்றைக்கே செய்தால் இரண்டு நிமிட வேலை.

அக்குள் மஞ்சள் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். அந்த இடத்தைக் கையால் தொட்டால் துணி மொடமொடவென்று இருக்கும். நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி ஒட்டும். வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. அது வியர்வையிலுள்ள புரதத்தோடும் எண்ணெயோடும் சேர்ந்து இழைகளுக்குள் இறுகிக்கொள்கிறது. இதில்தான் அந்தப் பிள்ளைகள் குளோரின் ப்ளீச்சை ஊற்றுகிறார்கள். குளோரின் புரதத்தோடு வினைபுரிந்தால் மஞ்சள் கூடுமே ஒழியக் குறையாது. போதாக்குறைக்கு இப்போது வெள்ளைச் சட்டை என்று விற்பதில் பலவும் பாலியெஸ்டர் கலந்தவை, சிலவற்றில் இழுபட ஸ்பான்டெக்ஸும் இருக்கும். ஸ்பான்டெக்ஸ், நைலான், கம்பளி, பட்டு இவற்றைக் குளோரின் ப்ளீச் நேரடியாகவே மஞ்சளாக்கிக் கெடுக்கும். அது கறை அல்ல, இழையே கெட்டுப்போனது. எத்தனை முறை துவைத்தாலும் திரும்பாது.

நான் செய்வது இது. சட்டையை உள்வெளியாகத் திருப்புவேன், ஏனென்றால் படிவு இருப்பது உள்பக்கம். வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் அமிலமோ வெள்ளை வினிகரோ கலந்து அந்த இடத்தை மட்டும் அரை மணி நேரம் ஊறவைப்பேன். அமிலம் அலுமினியப் படிவை இளக்கும். நன்றாக அலசிவிட்டு, பாத்திரத் திரவம் தடவிப் பிரஷ் போடுவேன். திரும்ப அலசிவிட்டு, கடைசியாக சோடியம் பெர்கார்பனேட்.

பெர்கார்பனேட் என்றதும் பயப்பட வேண்டாம். 'ஆக்சிஜன் ப்ளீச்' என்று டப்பாவில் எழுதி விற்கும் வெள்ளைத் தூளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவை சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு நிறத்தை உடைக்கும், சோடா எண்ணெயைப் பிடித்து இழுக்கும். குளோரின் வாடை கிடையாது, பருத்தியும் பாலியெஸ்டரும் தாங்கும். இதில் பலரும் கோட்டைவிடுவது தண்ணீரின் சூட்டில். குளிர்ந்த தண்ணீரில் இது சோம்பேறி. 40 முதல் 60 டிகிரி வரை வேண்டும், அதாவது கை வைத்தால் சுடுகிறது என்று தோன்றுகிற பதம். தூளை முழுக்கக் கரைத்த பிறகே துணியை முக்க வேண்டும், கையில் உறை இருக்கட்டும். சில மணி நேரம், பழைய கறை என்றால் இரவு முழுக்க. ஊறவைத்த கரைசலை எடுத்துவைத்து மறுநாள் பயன்படுத்தலாமே என்று நினைக்காதீர்கள். மணிக்கணக்கில் அது வீரியம் இழந்துவிடும். மூடிய பாட்டிலில் ஊற்றி வைத்தாலோ ஆக்சிஜன் வெளிவந்து பாட்டிலே வெடிக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது, காரம் அவற்றை அரித்துவிடும்.

அக்குள் கறை வராமல் தடுக்க ஒரே வழிதான் தெரியும். பூச்சு நன்றாக உலர்ந்த பிறகு சட்டையைப் போடுங்கள். காலை அவசரத்தில் யாரும் செய்யமாட்டார்கள், நானே பாதி நாள் செய்வதில்லை. ஆனால் வித்தியாசம் தெரியும்.

சரி, சாம்பல்.

இது துவைக்கும் முறையின் கோளாறு. துணியிலிருந்து கிளம்பும் அழுக்கு தண்ணீரில் மிதந்தபடியே வெளியேற வேண்டும். சலவைத் தூள் குறைவாக இருந்தாலோ, மெஷினை அழுத்தி நிரப்பியிருந்தாலோ, கிளம்பிய அழுக்கு திரும்பவும் துணியிலேயே மெல்லிய படலமாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு துவைப்பில் தெரியாது, இருபதில் தெரியும். நல்ல சலவைத் தூளில் இதைத் தடுக்கவே கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது பருத்தி இழையின்மேல் படிந்து அழுக்கு திரும்பி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் துணி புரளவே இடமில்லாமல் திணித்துவிட்டால் அது என்ன செய்யும்? துணிகளுக்கு மேல் கை தாராளமாக நுழையும் அளவு இடம் இருக்க வேண்டும். அதற்காகத் தூளை அள்ளிக் கொட்டுவதும் தப்பு. அலசலில் போகாமல் தங்கும் தூள் அடுத்த நாள் அழுக்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடினத் தண்ணீர் என்றால் கதை இன்னும் மோசம். சோப்பு அதிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் திரண்டு, வெள்ளைத் துணியில் சாம்பலாக அப்பிக்கொள்ளும். பக்கெட்டின் ஓரத்தில் ஒட்டுகிறதே, அதே பிசுக்குதான். கட்டிச் சோப்பை விட்டு சலவைத் தூளுக்கு மாறுவதும், கொஞ்சம் சலவை சோடா சேர்ப்பதும் இதற்கு உதவும். துணியை மென்மையாக்கும் திரவத்தை வெள்ளைக்கு நான் தொடுவதே இல்லை. மென்மை என்பது இழைமேல் ஒரு பூச்சு, பூச்சு என்றால் அழுக்கு ஒட்ட ஓர் இடம். அப்புறம், 'வெளிர் நிறத் துணிகளோடு சேர்த்துத்தானே போட்டேன்' என்பார்கள். வெளிர் நீலம் வெள்ளை அல்ல. வெள்ளை என்றால் வெள்ளை மட்டும்.

ஒருவேளை சாயம் இறங்கி வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டால், உலர்த்தாமல் ஈரமாகவே பெர்கார்பனேட்டில் முக்குங்கள். காய்ந்து, அதன்மேல் இஸ்திரியும் ஓடிவிட்டால் எடுப்பது கடினம். எந்தக் கறைக்கும் இதே விதிதான். கறை போனதா என்று பார்க்காமல் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்காதீர்கள்.

இனி தனிக் கறைகள். இதில் எனக்குக் கொஞ்சம் தொழில் கர்வம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் புரதம் இறுகி இழையைப் பிடித்துக்கொள்ளும், முட்டை வேகிற அதே வேலை. கறையின் பின்பக்கத்தைக் குழாய்க்குக் கீழே பிடியுங்கள், வந்த வழியே வெளியே போகட்டும். மீதம் இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டு. உடனே நுரைத்துக்கொண்டு வரும். ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் நுரை அது. நுரை அடங்கியதும் ஒற்றியெடுத்து, திரும்பவும் இரண்டு சொட்டு. காய்ந்த கறை என்றால் என்சைம் கலந்த சலவைத் தூளில் ஊறவையுங்கள். என்சைமைச் சலவைக்குக் கொண்டுவரும் யோசனை புதிதல்ல. ஓட்டோ ரோம் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1913-லேயே கணையத்திலிருந்து எடுத்த என்சைமைச் சலவைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். புரதத்தைத் தின்னும் என்சைம் பட்டையும் கம்பளியையும் விட்டுவைக்காது, அவையும் புரதம்தானே.

அயோடின் கறை பார்க்கப் பயங்கரமாக இருக்கும், எடுப்பதோ மிகச் சுலபம். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு நிறம் மறையும். அயோடினை அது நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடுகிறது. கஞ்சி போட்ட துணியில் அயோடின் பட்டால் பழுப்புக்குப் பதில் கருநீலமாகும், அதற்கும் இதே வைத்தியம்.

சட்டைப் பையில் கசிந்த பால்பாயின்ட் மை. தண்ணீர் படுவதற்கு முன்பே ஆல்கஹால். கறைக்கு அடியில் பழைய துணியை மடித்து வைத்து, பஞ்சில் ஆல்கஹால் நனைத்து மேலிருந்து ஒற்ற வேண்டும். தேய்த்தால் வட்டம் பெரிதாகும். அடித்துணியில் மை இறங்க இறங்க இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சோம்பல்பட்டு அதே இடத்தில் வைத்தால் எடுத்த மை திரும்ப ஏறும். ஜெல் பேனாவில் கரையாத நிறமித் துகள்கள் இருந்தால் முழுவதும் போகாது, மங்க வைக்கலாம், அவ்வளவுதான்.

பாக்டீரியாவுக்கு நிறமேற்றப் பயன்படுத்தும் கிரிஸ்டல் வயலட் எங்கள் கூடத்தின் சாபம். ஒரு சொட்டு போதும், சட்டை முடிந்தது என்று நினைப்பார்கள். இதற்கும் முதலில் ஆல்கஹால். மிஞ்சும் ஊதா நிழலுக்கு, துணி சுத்தப் பருத்தி என்றால், நீர்த்த குளோரின் ப்ளீச் நன்றாகவே வேலை செய்யும். ப்ளீச்சுக்கு நான் எதிரி அல்ல, அதற்குரிய இடம் இது. ஆனால் நடுவில் ஆல்கஹாலை முழுக்க அலசிப் போக்க வேண்டும். ஆல்கஹாலும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு, அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன். குளியலறை மாதிரி அடைத்த இடத்தில் இந்த விளையாட்டு உயிருக்கே ஆபத்து. துருக்கறையிலும் ப்ளீச் கூடாது, இரும்பை அது இன்னும் அழுத்தமாகப் பதிய வைக்கும். துருவுக்கு அமிலம்தான். சிட்ரிக் அமிலம் அல்லது எலுமிச்சைச் சாறும் உப்பும்.

மஞ்சள்தூள் கறையில் சோப்பைத் தேய்த்ததும் சிவந்துபோவதைப் பார்த்துப் பதறுவார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் செம்பழுப்பாகும், அலசியதும் மஞ்சளுக்கே திரும்பும். ஒன்றும் கெட்டுவிடவில்லை. துவைத்துவிட்டு ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, ஒரு பகலிலேயே நன்றாக வெளுத்துவிடும். தேநீர், காபிக்கு அன்றைக்கே தண்ணீரும் சலவைத் திரவமும், விட்டுப்போனால் பெர்கார்பனேட்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டி, நுரை பொங்குவதைக் காட்டி, கறை போகிறது என்கிறார்களே, அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். தனித்தனியாக இரண்டுக்கும் பயன் உண்டு. சேர்த்தால் வேடிக்கை மட்டும்தான்.

இவ்வளவு பாடுபட்டுக் காக்கிற இந்த வெள்ளை, பருத்திக்கு இயற்கையாக வந்ததும் இல்லை. பருத்தியின் சொந்த நிறம் வெண்பழுப்பு. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நெய்த துணியைக் காரத்தில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து வெயில் காட்டி, புளித்த மோரில் ஊறவைத்து, திரும்ப விரித்து, மாதக்கணக்கில் வெளுப்பார்கள். 1774-இல் ஸ்வீடனில் வேதியியலாளர் ஷீலே குளோரினைக் கண்டறிந்தார். 1785-இல் அது துணியை வெளுக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பெர்தோலே காட்டினார். 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் ப்ளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கினார். மாதங்கள் நாட்களாகின. நெய்ததும் முதல் வெளுப்புக்காக வந்த முரட்டு மருந்து அது. அதை வாராவாரம் ஒரு சட்டைக்குக் கொடுத்தால் இழை பலமிழந்து கிழியத்தான் செய்யும்.

இன்று கடையில் வாங்கும் வெள்ளையில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. புதுச் சட்டையை யூவி விளக்கின் கீழே பிடித்தால் நீலமாக ஒளிரும். துணியிலும் சலவைத் தூளிலும் சேர்த்திருக்கும் ஒளிரூட்டிகள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுகின்றன. நீலம் கொஞ்சம் கூடினால் மஞ்சள் நம் கண்ணுக்கு மறைகிறது. இந்த ஒளிரூட்டி வெயிலில் சிதையும். அதனால் கறை எடுக்கும் நாள் தவிர மற்ற நாட்களில் சட்டையை உள்வெளியாகத் திருப்பித்தான் கொடியில் போடுகிறேன்.

சொட்டு நீலமும் இதே கணக்குதான், பழைய முறை. ஒரு காலத்தில் லாபிஸ் லாசுலி என்ற நீல நிறக் கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமரீன் என்ற நீலத் தூள் தங்கத்துக்கு நிகரான விலை. பிரான்சின் வேதியியலாளர் கிமே அதைச் செயற்கையாகச் செய்து 1828-இல் பரிசு வாங்கிய பிறகுதான் துணிக்குப் போடும் அளவுக்கு மலிந்தது. நீலம் மஞ்சளைப் போக்காது, ஈடுகட்டும், அவ்வளவே. மஞ்சள் அப்படியே இருக்க, மேலே நீலம் ஏற ஏற, துணியிலிருந்து திரும்பும் மொத்த வெளிச்சம் குறையும். வருடக்கணக்கில் நீலம் போட்ட சட்டை புகைமூட்டமாகத் தெரிவது அதனால்தான். எப்போதாவது போடுங்கள், தப்பில்லை. முழுக்க அலசிய துணிக்கு, முழுக்கக் கலக்கிய தண்ணீரில், ஈரத்தோடு விரித்து முக்கி, கையை நிறுத்தாமல் அசைத்து உடனே எடுக்க வேண்டும். காய்ந்த துணியைப் போட்டால் திட்டுத்திட்டாகக் குடித்துக்கொள்ளும்.

எடுத்துவைப்பதிலும் கவனம் வேண்டும். இனிப்பான பானம் சிந்திய இடம் காய்ந்ததும் தெரியாது. துவைக்காமல் அலமாரியில் வைத்தால் சில மாதம் கழித்துப் பழுப்பாக எழும்பும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் சரியல்ல. சில உறைகளில் பிளாஸ்டிக் கெடாமல் இருக்கச் சேர்க்கும் BHT என்ற பொருள், காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைத் துணியில் மஞ்சள் ஏற்றும். சுத்தமாகத் துவைத்து, ஈரமே இல்லாமல் முழுக்கக் காய்ந்தபின், பழைய பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே போதும்.

இத்தனைக்கும் அசையாத சட்டை ஒன்றிரண்டு இருக்கும். ப்ளீச்சில் இழை கெட்டவை, ஜெல் மை பட்டவை. அவற்றோடு மல்லுக்கட்ட மாட்டேன், சாயம் ஏற்றிவிடுவேன். பருத்திச் சாயம் பருத்தியை மட்டும் பிடிக்கும். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர் என்பதால் அது வெள்ளையாகவே நிற்கும். கருநீலத்தில் அந்த வெள்ளைத் தையல் எடுப்பாகத் தெரியும், சாம்பலில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சாம்பலில் கறை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். கறை பெரிதா சிறிதா என்று பார்த்து நிறத்தை எடுங்கள். சாயத்துக்கு முன்னால் அக்குள் மெழுகை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், அது இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது.